வரிதான் போனது, பதிவு அப்படியே இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிய கட்டுரையில், 2026 ஜனவரி முதல் அங்கே ரைஃபிள் குழலை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அது தவறு. குழலைக் குறைப்பதற்கு 200 டாலராக இருந்த வரி பூஜ்யமாகியிருக்கிறது, அவ்வளவுதான். குழலை 16 அங்குலத்துக்குக் கீழே குறைக்க நினைப்பவர் இன்றும் கூட்டரசிடம், அதாவது அந்நாட்டு மைய அரசிடம், பதிவுக்கு விண்ணப்பித்து, கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் 10 ஆண்டு வரை சிறை. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் சாதாரண ஆட்களுக்கு அந்த வழியும் அடைப்பு.

இதைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தபோது சொத்து அறை சில ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. அங்கே சா.பொ.1 (சான்றுப் பொருள் 1) என்று அட்டை கட்டிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடந்தது. குழல் ஒரு முழம்கூட இராது. வெட்டிய வாயில் அரம் தேய்த்த கோடுகள் அப்படியே தெரியும். ஒரு பக்கம் பிசிறு. பதிவேட்டில் நீளத்தைக் குறித்தபோது அங்குலக் கணக்குக்கு இவ்வளவு சட்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நம் நாட்டு ஆயுதச் சட்டம், 1959இன் 6ஆம் பிரிவில் அங்குலமே கிடையாது. உரிமம் இல்லாமல் குழலைக் குறைத்தால் குற்றம். முப்பது அங்குலக் குழலில் ஓர் அங்குலம் எடுத்தாலும் அதே கதைதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். அமெரிக்காவிலோ 20 அங்குல ரைஃபிளை 17 ஆக வெட்டினால் கூட்டரசுச் சட்டம் ஏனென்று கேட்காது. 15.9 ஆகிவிட்டால் கேட்கும். அளக்கிற முறையும் வேடிக்கையானது. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடிவிட்டு, வாய்வழியாக ஒரு குச்சியைத் தட்டும்வரை உள்ளே விட்டு, குறியிட்டு வெளியே எடுத்து அளக்கிறார்கள். முனையில் திருகி மாட்டிய உறுப்பு கணக்கில் சேராது, பற்றவைத்தால் சேரும். 14.5 அங்குலக் குழலோடு ஒருவர் சட்டப்படி நடமாடுவது இந்தப் பற்றவைப்பின் தயவில்தான்.

ஏன் இந்தக் கோடு? 1934இல் ரூஸ்வெல்ட் காலத்து மசோதா, இயந்திரத் துப்பாக்கிகளோடு கைத்துப்பாக்கிகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தப் பார்த்தது. நீளத் துப்பாக்கியை வெட்டி மேலங்கிக்குள் ஒளித்து யாரும் தப்பிவிடக் கூடாதென்று குழல் நீளத்துக்கும் வேலி போட்டார்கள். பிறகு எதிர்ப்பு கிளம்பி, கைத்துப்பாக்கி மசோதாவிலிருந்தே போய்விட்டது. தோட்டம் போன பிறகும் வேலி நிற்கிறது. ரைஃபிளுக்கு முதலில் 18 அங்குலமாக இருந்ததை 1960இல் 16 ஆக்கினார்கள். சிதறுகுண்டு சுடும் ஷாட்கன்னுக்கு 18 இன்றும் அப்படியே. கடையில் வாங்கிய கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள முடிகிற நாட்டில் அரை அங்குலத்துக்குச் சிறை என்பது எனக்குப் பொருந்தவில்லை. நம் சட்டம் கடுமையானது என்றாலும் வெட்டுகிறவனுக்குக் குழப்பம் வைக்கவில்லை.

கட்டுரையாளர் தொடாத வழக்கு ஒன்றும் உண்டு. ஜாக் மில்லர் என்பவரும் கூட்டாளியும் குட்டைக்குழல் ஷாட்கன்னை ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் கொண்டுபோனதாகப் பிடிபட்டார்கள். 1939இல் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது. குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம் பேச ஒரு வக்கீலும் வரவில்லை. தீர்ப்பு வருமுன் மில்லரே செத்துப்போயிருந்தார். ஆயுத உரிமை பற்றிப் பல பத்தாண்டுகள் அந்நாடு மேற்கோள் காட்டியது ஒருதலை விசாரணையில் பிறந்த இந்தத் தீர்ப்பைத்தான். எங்கள் நீதிமன்றத்தில் அமீனாகூடச் சிரித்திருப்பார்.

இன்னொன்றையும் திருத்தத்தில் சேர்த்து வெளியிடுங்கள். உங்கள் வாசகர் வீட்டுப் பிள்ளைகள் பலர் மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் அங்கே இருக்கிறார்கள். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கியை வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம். குழலை வெட்டுகிற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
பாளையங்கோட்டை