பஸ்ஸில் உட்கார்ந்த கதையில் பாதியைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பகுதியில் வந்த ரோசா பார்க்ஸ் கதையை எங்கள் தெரு நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். படங்கள் அருமை. கதைதான் வழக்கமாக எல்லாரும் எழுதுகிற கதை: அமெரிக்காவில் கறுப்பினத்தவரையும் வெள்ளைக்காரரையும் பஸ்ஸில் பிரித்து உட்காரவைத்த காலத்தில், வேலை முடிந்து களைத்துப்போய் பஸ் ஏறிய ஒரு கறுப்பினத் தையல்காரப் பெண், வெள்ளைக்காரருக்கு இடம் விட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார், சட்டம் மாறிவிட்டது, சுபம். "அதுக்கு முன்னாடி யாருமே உட்காரலையா?" என்று ஒரு பையன் கேட்டான்.

உட்கார்ந்தார்கள். ரோசா பார்க்ஸ் இருந்த அதே மாண்ட்கோமரி நகரில், 1955 மார்ச் 2ஆம் தேதி, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி எழ மறுத்தாள், போலீஸ் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனது. ரோசா பார்க்ஸ் கைதானது அதற்கு ஒன்பது மாதம் கழித்துத்தான். அவரும் ஒன்றும் தெரியாமல் பஸ் ஏறியவர் இல்லை, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் பல வருடம் செயலாளராக இருந்தவர். அன்றைக்கு உடம்புக் களைப்பெல்லாம் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தேன் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

இதைவிட எனக்குப் பிடித்தது ரோசா பார்க்ஸ் கைதான அன்று ராத்திரி நடந்தது. ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, இரண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் மெஷினில் விடிய விடிய ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அடித்தார், 'திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள்' என்று. இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அவ்வளவு பேப்பர் ஏது, பிரின்சிபால் திட்டலையா என்று துளைத்துவிட்டார்கள். கல்லூரித் தலைவர் கூப்பிட்டு விசாரிக்கத்தான் செய்தார், பேப்பர் செலவை எங்கள் பெண்கள் அமைப்பே கட்டிவிடும் என்றார் இவர். அப்புறம் 381 நாள், கறுப்பின மக்கள் நடந்தும் கார்களில் இடம் பகிர்ந்தும் வேலைக்குப் போனார்கள். பஸ்ஸில் பிரித்து உட்காரவைக்கும் சட்டம் செல்லாது என்று கோர்ட் சொன்ன வழக்கில் கடைசிவரை நின்றவர்கள் நான்கு பெண்கள், அதில் கிளாடெட்டும் ஒருத்தி. ரோசா பார்க்ஸ் அந்த வழக்கிலேயே இல்லை!

இவ்வளவும் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று விட்டிருப்பீர்கள். விளையாட்டில் யாருக்கு பேட்டிங் தரவில்லை என்று நாள் முழுக்க நியாயம் பேசுகிறவர்களுக்கு இது புரியாதா, என்ன? நல்லவர் ஒருவர் வந்தால் எல்லாம் மாறும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், அந்த நல்லவர் வரட்டும் என்று இதுகளும் காத்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த இதழில் கிளாடெட் கதையைப் போடுங்கள். அந்த நோட்டீஸ் ராத்திரிக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள், படத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்