செயலாளரின் ஆண்டறிக்கை 2024: டிவிச் சத்தமும் காது மிஷினும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, துணைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கான நம் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். அச்சடித்த பிரதி ஒவ்வொரு நாற்காலியிலும் இருக்கிறது. போன வருடம் எழுத்து பொடியாக இருக்கிறது என்று திட்டு வாங்கியதால் இம்முறை பெரிதாகவே போட்டிருக்கிறோம். பின் வரிசையில் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துக்கொள்கிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஆள் சேராமல் பிப்ரவரிக் கூட்டம் தள்ளிப் போனது. பொங்கலும் தீபாவளி அன்பளிப்பும் எப்போதும்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு விவரம் போக வேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். சென்ற ஆண்டு கடைசி நாளில் அனுப்பினேன். இந்த முறை அப்படி நடக்காது.

இனி, இந்த ஆண்டு நமக்கு அதிக வேலையும் எனக்கு அதிக ஏச்சும் வாங்கிக் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச் மாதக் கூட்டத்தில் ஒரு மருமகள் எழுந்து, "மாமாவுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தும் டிவிச் சத்தம் குறையல. பிள்ளைங்க படிக்க முடியல, பக்கத்து வீட்ல கதவைத் தட்டுறாங்க" என்றார். உடனே நான்கைந்து பேர் அதையே சொன்னார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் எல்லார் சத்தமும் எல்லாருக்கும் கேட்கும், யாரும் குறை சொன்னதில்லை. இப்போதைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுச் சுவருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

நம்மவர் காது ஏன் இப்படி ஆனது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலர் ரப்பர் ஆலையில் ரப்பரை நசுக்கித் தாளாக்கும் க்ரேப் மிஷின் பக்கத்திலும், பிறகு செம்பனை எண்ணெய் ஆலையிலும் நின்றவர்கள். இந்நாட்டில் தொழிற்சாலை ஓசைக்கென்று தனி விதிகள் 1989-இல்தான் வந்தன. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது அன்றைய வரம்பு. 2019-இல் வந்த புது விதிகள் அதை 85 ஆகக் குறைத்தன. அதற்கெல்லாம் முன்பே நாம் காதைக் கொடுத்துவிட்டோம். இரைச்சல் முதலில் அரிப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து மெல்லிய கீச்சு ஓசைகளை. 'ஆ', 'ஓ' எல்லாம் கேட்கும். 'பத்து' என்றானா 'சத்து' என்றானா என்பதுதான் பிடிபடாது. அதனால்தான் "காது கேக்குது, பேச்சு புரியல" என்கிறோம். டிவியை எவ்வளவு கூட்டினாலும் கூடவே மின்விசிறிச் சத்தமும் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும் மிஷினுக்குள் போய்ச் சேரும்.

டிவிச் சத்தத்தைக் கம்பியில்லாமல் நேராக மிஷினுக்கே அனுப்பிவிட்டால் இந்த அறை, விசிறி, தூரம் எதுவும் குறுக்கே வராது. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. ஆனால் மிஷின் விற்றவர்கள் நம்மில் ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். டிவியில் செருகிச் சத்தத்தை அனுப்பும் நான்கு புளூடூத் பெட்டிகள் இணையக் கடையில் மலிவாகக் கிடைத்தன; அவற்றைச் செயற்குழுவிடம் கேட்காமலே வாங்கிவிட்டேன். மூன்று வீட்டில் அது மிஷினோடு சேரவே இல்லை. ஹெட்போனுக்குப் போகும் சாதாரண புளூடூத்தைப் பெரும்பாலான காது மிஷின்கள் ஏற்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பேட்டரியைக் காப்பாற்ற அவை வேறு பாஷை பேசுகின்றன. ஆப்பிள் போனோடு பேச ஒரு முறை, ஆண்ட்ராய்டு போனோடு பேச 2018-இல் கூகல் அறிவித்த இன்னொரு முறை, டிவியில் செருகும் பெட்டிக்கு மிஷின் நிறுவனம் தானே வைத்திருக்கும் ஒரு முறை. ஃபோனாக், ஓட்டிக்கான், ரீசவுண்ட், சிக்னியா என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தன் மிஷினுக்கென்றே ஒரு டிவிப் பெட்டி உண்டு. ஒன்றின் பெட்டி மற்றதற்கு உதவாது.

நான்காவது வீட்டில் சேர்ந்தது. அவர் மிஷின் சாதாரண புளூடூத்தையும் ஏற்கும் வகை. ஆனால் சத்தம் உதட்டுக்குப் பின்னால் வந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம்தான் இருக்கும், அதுவே போதும். நாடகத்தில் மாமியார் வாயை மூடிய பிறகு வசை வந்து விழுகிறது. அவர் காதில் இருந்தது காதை முழுவதும் அடைக்காத, திறந்த வகை ரப்பர் மொட்டு. அதனால் டிவியின் சொந்தச் சத்தம் நேராக ஒரு தடவை, பெட்டி வழியாகத் தாமதமாக இன்னொரு தடவை என்று எல்லா வசையும் இரண்டு முறை. "திருப்பி எடுத்துக்கிட்டுப் போ தம்பி" என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த நான்கு பெட்டிகளின் பணத்தை என் கையிலிருந்து சங்கத்துக்குக் கட்டிவிட்டேன். கணக்கில் பார்க்கலாம்.

ஜூனிலிருந்து ஒழுங்காகச் செய்தோம். முதலில் ஒவ்வொருவர் மிஷினும் என்ன வகை, எந்த மாடல் என்று குறித்தோம். அதற்கேற்ற பெட்டியைச் சங்கம் வாங்கி வைத்து, வீட்டுக்கு மூன்று வாரம் இரவல் கொடுத்தோம். பிடித்திருந்தால் அவர்களே சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். பெட்டி மலிவல்ல. மிஷினுக்கே ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களிடம் இன்னொரு தொகையைக் கேட்க வாய் வரவில்லை. அதனால் மாதாமாதம் சிறு தொகையாகக் கட்டும் நிதி ஒன்றைத் தொடங்கினோம். தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்கத் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு 1960 முதல் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துக் கட்டிய ஊர் இது. யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்றார். ஆலையில் மிஷின் பார்த்தவர், நம் மூத்த உறுப்பினர். நானும் உதவிச் செயலாளரும் போய் டிவிக்குப் பின்னால், சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிளைச் செருகினோம். ஹெட்போன் துளையில் செருகினால் பல டிவிகளில் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், வீட்டார் கேட்க முடியாது. ஆப்டிகலில் அந்தத் தொல்லை இல்லை. பச்சை விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. அரை மணி நேரம் மெனுவைப் புரட்டினோம். கடைசியில் அவருடைய பேத்தி கேபிளை உருவி, நுனியில் இருந்த கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் மூடியை நகத்தால் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. அதற்குப் பிறகும் சில அலைவரிசைகளில் சத்தம் இல்லை. டிவி மெனுவில் ஒலி வெளியீட்டை டால்பி என்ற சுருக்கிய வடிவிலிருந்து பிசிஎம் என்ற சாதாரண வடிவுக்கு மாற்றியதும் சரியானது. இந்த இரண்டையும் எல்லாரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போன ஆறு வீடுகளில் நான்கில் இவைதான் கோளாறு.

டிவி 2 தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஐயா முதலில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "காதுக்குள்ள உக்காந்துல்ல பேசுறான்" என்றார். டிவிச் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தோம், இன்னும் குறைத்தோம். சமையலறையிலிருந்து அம்மா வந்து, "கரண்டு போச்சா?" என்றார். ஐயாவுக்கு அது கேட்கவில்லை. பெட்டி வழியாகச் சத்தம் வரும்போது மிஷினின் மைக்கை அடைத்து வைத்திருந்தோம். அதைப் பாதி திறந்துவிட்டதும் அம்மா கூப்பிடுவதும் காதில் விழத் தொடங்கியது. அதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை என்பதையும் உண்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. டிவி ஓடும் நேரத்தில் மிஷின் கூடுதலாகத் தின்னும். வாரக் கணக்கு குறைகிறதே என்று கடையோடு சண்டைக்குப் போக வேண்டாம். புது பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் உடனே போடாமல் சில நிமிடம் காற்றுப்படட்டும். அது காற்றால் உயிர் பெறும் வகை. பழுப்பு ஒட்டு 312, ஆரஞ்சு 13, மஞ்சள் 10. மாற்றிப் போட்டுவிட்டு எனக்கு இரவு பதினொரு மணிக்குப் போன் செய்யாதீர்கள்.

ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்க ஐந்து பேருக்கு உதவினோம். மற்றவர்களும் மருத்துவமனைக் காதுச் சோதனை அறிக்கையோடு வாருங்கள்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு தீர்மானம் வைக்கிறேன். இந்த மண்டபத்தின் சுவரோரம் கம்பி வளையம் ஒன்று போட்டால், மிஷினில் அந்த வளையத்தின் காந்த அலையைப் பிடிக்கும் 'டி' நிலை உள்ளவர்கள் எந்த நிறுவனத்து மிஷினாக இருந்தாலும் மேடைப் பேச்சைத் தாமதமின்றி நேராகக் கேட்கலாம். பழைய தொழில்நுட்பம்தான். மண்டபத்து மின்கம்பியின் ரீங்காரமும் கூடவே கேட்கும் ஆபத்து உண்டு என்பதால் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்கிறேன். ஆராகாஸ்ட் என்று 2022-இல் பெயர் சூட்டிய புது புளூடூத் ஒலிபரப்பு இதே வேலையைச் செய்யும். ஆனால் நம்மிடம் உள்ள மிஷின்களில் இரண்டில்தான் அது இருக்கிறது. மற்றவர்கள் மிஷின் மாற்றும்வரை கம்பியே போதும் என்பது என் கருத்து. செயற்குழுவில் இருவர் ஒப்பவில்லை, இன்று பேசலாம்.

இரவலுக்குப் பெயர் கொடுப்பவர்கள் இரண்டு படம் எடுத்து வாருங்கள்: டிவியின் முதுகு ஒன்று, மிஷினில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று. டிவியையே தூக்கி வர வேண்டாம். சென்ற மாதம் ஒருவர் தூக்கி வந்தார்.

கடைசியாக, அந்த நான்கு புளூடூத் பெட்டிகள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளின் ஹெட்போனுக்கு நன்றாகவே வேலை செய்யும். வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். சங்க உண்டியலில் பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டால் போதும்.

பணிவுடன்,
செயலாளர்