உன் மகனுக்கும் சேர்த்து ஒரு கடிதம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் மகன் சொல்வது பாதி சரி. உக்ரேன் போரில் ட்ரோன் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்கிறான். உண்மைதான். 2025 ஜூனில் லொறிகளில் ஒளித்துக் கொண்டுபோன ட்ரோன்களை விட்டு, ரஷ்யாவுக்குள் எங்கோ தொலைவில் நின்ற குண்டுவீச்சு விமானங்களையே கொளுத்தினார்களே, அதை நானும் யூடியூப்பில் பார்த்தேன். மனைவி ஏசுகிறாள்: "வாசலில் பார்த்த சண்டை போதாதென்று இப்ப காசு குடுத்து டேட்டா போட்டு இன்னொரு சண்டை பார்க்கிறீங்களோ?"

ஆனால் நீ கேட்டது வேறு கேள்வி. இத்தனை ஜெனரல்களும் இத்தனை உளவுத்துறையும் வைத்திருந்த நாடு, சில நாளில் முடித்துவிடலாம் என்று இறங்கிய வேலையில் எப்படி வருடக்கணக்காக மாட்டிக்கொண்டது என்று கேட்டாய். அதற்கு ட்ரோனில் விடை இல்லை. தலைநகர் கீவைப் பிடிக்கப் போன ரஷ்யப் படை 2022 மார்ச் கடைசியிலேயே திரும்பிவிட்டது. அப்போது வானம் இன்றைக்குப் போல ட்ரோன்களால் நிறைந்திருக்கவில்லை. அறுபது கிலோமீட்டருக்கு மேல் வாகனங்கள் வீதியில் வரிசையாக நின்றன, எண்ணெயும் சாப்பாடும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. கீவுக்குப் பக்கத்து ஹொஸ்தொமெல் விமானத் தளத்தில் முதல் நாளே ஹெலியில் ஆட்களை இறக்கினார்கள். அந்த ஓடுபாதையில் துருப்புக்களைக் கொண்டுவந்து குவிக்கும் திட்டம் மட்டும் நடக்கவில்லை. கூடவே கலகம் அடக்கும் பொலிஸையும் அனுப்பியிருந்தார்கள். நகரம் எப்படியும் விழுந்துவிடும், பிறகு கூட்டத்தை விரட்டினால் போதும் என்ற நினைப்பு!

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், படையெடுப்புக்கு மூன்று நாள் முன்னர், பெப்ரவரி 21ஆம் திகதி, ரஷ்யத் தொலைக்காட்சியில் காட்டிய கூட்டத்தை மகனிடம் தேடி எடுக்கச் சொல். பெரிய மண்டபம். புட்டின் ஒரு பக்கம் தனியாக இருக்கிறார். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து ஒப்பிக்கிறார்கள். வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் நரிஷ்கின் வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறார். நேராகப் பேசும் என்று புட்டின் அதட்டுகிறார். மனிதர் பதறிப்போய், கிழக்கு உக்ரேன் பகுதிகளை ரஷ்யாவோடு சேர்க்க ஆதரவு என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லையே என்று புட்டின் சிரிக்கிறார். தகவல் சேகரிக்கிற துறையின் தலைவர் எல்லோர் முன்னாலும் நடுங்குகிற அறையில், "ஐயா, உக்ரேன் சனம் எதிர்த்து நிற்கும்" என்று யார் வாய் திறந்திருப்பார்?

இது சர்வாதிகாரிகளின் வியாதி என்று மகன் சொல்லக்கூடும். அமெரிக்காவைப் பார்க்கச் சொல். 2003 பெப்ரவரியில் அவர்களுடைய தரைப்படைத் தளபதி ஷின்செக்கி, ஈராக்கைப் பிடித்த பிறகு அடக்கி வைத்திருக்கப் பல லட்சம் துருப்புக்கள் வேண்டும் என்று செனட் குழு முன்னால் சொன்னார். இரண்டு நாளில் துணைப் பாதுகாப்புச் செயலாளர் வுல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கைப் பகிரங்கமாக நிராகரித்தார். மே முதலாம் திகதி புஷ் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கி, பெரிய சண்டை முடிந்தது என்று பேசினார். அதே மாதம் அவர்களுடைய நிர்வாகி பிரெமர் ஈராக் இராணுவத்தையே கலைத்தார். லட்சக்கணக்கான ஆட்கள் சம்பளம் இல்லாமல், துவக்குச் சுடத் தெரிந்த கையோடு வீட்டுக்குப் போனார்கள். அமெரிக்கப் படை அங்கிருந்து வெளியேறியது 2011 டிசம்பரில்.

சரி, தூர தேசத்துக் கதை போதும். நீ 1986இலேயே போய்விட்டாய், இந்தியன் ஆமி அமைதிப்படை என்று வந்து நின்ற காலத்தைப் பேப்பரில்தான் படித்திருப்பாய். எனக்கு உக்ரேன் புதினமாகத் தெரியாததற்குக் காரணம் அந்தக் காலம்தான்.

1987 ஜூலை 29, இந்திய-இலங்கை ஒப்பந்தம். மறுநாள் கொழும்பில் மரியாதை அணிவகுப்பில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவன் துவக்குப் பிடியால் ராஜீவ் காந்தியை ஓங்கி அடித்தான். இந்த ஒப்பந்தம் தெற்கில் எப்படி இறங்கியிருக்கிறது என்று அதிலேயே விளங்கியிருக்க வேண்டும். இங்கே நாங்கள் மாலை போட்டோம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவ்வளவு பட்டிருந்தோம், வந்தவன் காப்பாற்ற வந்தவன் என்று நம்பினோம். சண்டை நின்று 72 மணித்தியாலத்துக்குள் ஆயுதம் ஒப்படைக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. ஒப்படைக்க வேண்டிய புலிகள் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. போட்டது ராஜீவும் எங்கள் ஜனாதிபதி ஜே.ஆரும். இயக்கப் பொடியளுக்கு 1983இலிருந்து பயிற்சி கொடுத்ததும் இந்தியா, அதே ஆயுதத்தைப் பிடுங்க வந்ததும் இந்தியா. இந்த முரணை டெல்லியில் யாராவது ஒருவர் உரத்துக் கேட்டிருந்தால் போதும்.

அக்டோபரில் புலிகளின் எங்கள் மாவட்டத் தளபதி புலேந்திரன், குமரப்பா உட்படப் பதினேழு பேரைக் கடலில் வைத்து இலங்கைக் கடற்படை பிடித்தது. கொழும்புக்குக் கொண்டுபோயே தீருவோம் என்று அரசு நின்றது. இந்தியத் தூதரகமும் ஆமித் தலைமையும் அதைத் தடுக்கப் பார்த்து முடியாமல் போயிற்று. 5ஆம் திகதி பலாலியில் சயனைட் கடித்ததில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பழியாகப் புலிகள் கிழக்கில் சிங்களச் சனத்தைக் கொன்றார்கள். ஒரு வாரத்துக்குள் அமைதிப்படை யாழ்ப்பாணத்தை நோக்கிச் சண்டைக்குக் கிளம்பியது. ஒரு ஆமிக்குக் கொடுத்த வேலை தலைகீழாக மாற அத்தனை நாள்தான் எடுத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவில் இரவில் ஹெலியில் இறக்கிய சீக்கியப் படைப்பிரிவின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் புலிகள் காத்திருந்தார்கள். முப்பது பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டது டெல்லி, போனது அந்தப் பிள்ளைகள். பிறகு 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் தாதிமாரையும் சுட்டது அதே ஆமி. மாலை போட்ட சனம் அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த இந்தியன் ஆமிச் சென்றியில் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் கொஞ்சக்காலம் நின்றார். தமிழ் பேசக் கிடைத்த சந்தோஷத்தில் என்னை மறித்து மறித்துக் கதைப்பார். ஒருநாள் கேட்டார்: "அண்ணே, நீங்க பேப்பர் படிக்கிறவரு. நாங்க எப்ப ஊருக்குப் போவோம்னு ஏதாச்சும் போட்டிருக்கா?" சிரிப்புத்தான் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவருடைய மேலதிகாரிக்கு அது தெரியாது, அவருக்கு மேலே இருந்த ஜெனரலுக்கும் தெரியாது. என்ன நடந்தால் வேலை முடிந்தது என்று டெல்லி யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. புலிகளை அழிப்பதா, பேச்சுக்குக் கொண்டுவருவதா, தேர்தல் வைப்பதா, இலங்கையைக் கைக்குள் வைப்பதா? நான்குக்கும் சேர்த்து நான்கு டிவிஷன் அனுப்பினார்கள்.

உன் மகனுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எந்த ஆயுதம் புதிதாக வந்தாலும், என்ன நடந்தால் வேலை முடிந்தது என்ற கேள்வியை முன்கூட்டிக் கேட்காதவன் மாட்டுவான். புட்டினும் மாட்டினார். முதலில் கீவ் அரசு கவிழ வேண்டும் என்று இறங்கினார், பிறகு கிழக்கு உக்ரேனின் டொன்பாஸ் என்றார், பிறகு நான்கு மாகாணங்கள் தன்னுடையவை என்று அறிவித்தார். அதில் ஒன்றின் தலைநகரான கெர்சோனை விட்டு இரண்டு மாதத்துக்குள் அவருடைய படையே வெளியேறியது.

இந்தியா முடிவை எழுதாததால் மற்றவர்கள் எழுதினார்கள். 1988 நவம்பரில் வடக்கு-கிழக்கு மாகாண சபைத் தேர்தல் வைத்து, வரதராஜப்பெருமாளை முதலமைச்சராக்கி, சபையை இங்கே திருகோணமலையிலேயே இருத்தினார்கள். அதைக் காப்பாற்ற ஒரு படை வேண்டும் என்று 89இல் ஊர் ஊராகப் பொடியன்களைப் பிடித்தார்கள். "பிள்ளைபிடிகாரர் வாறாங்கள்" என்றால் தாய்மார் பிள்ளைகளைக் கூரைக்குள் ஒளித்த காலம் அது. பள்ளிக்கூடம் போன பிள்ளையைப் பிடித்துத் துவக்குக் கொடுத்து, தேர்ந்த கெரில்லாவுக்கு முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? ஆமி விலக விலக அந்தப் படை கரைந்து போயிற்று. 1990 மார்ச் முதலாம் திகதி பெருமாள் ஈழப் பிரகடனம் என்று ஒன்றை வாசித்தார், பிறகு இந்தியாவுக்குப் போய்விட்டார். 24ஆம் திகதி கடைசித் துருப்புக்கள் எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறின. ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் திரும்பவில்லை. திரும்பியவர்களைச் சென்னையில் வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போக மறுத்தார்.

இந்தியன் ஆமியைப் போகச் சொன்னது ஜே.ஆருக்குப் பிறகு ஜனாதிபதியான பிரேமதாசா. அவர் செய்த கெட்டித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளலாம். இந்தியாவை வெளியேற்றுவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். கடைசிக் கப்பல் போய் மூன்று மாதம் ஆகுமுன், 1990 ஜூனில், சண்டை அவர் பக்கம் திரும்பியது. கிழக்கில் சரணடைந்த பொலிஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 93 மே தினத்தில் அவரும் குண்டுக்குப் பலியானார்.

எங்கள் பக்கத்தை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இதைச் சொன்னால் உங்கள் ஊர்க் கூட்டங்களில் கதிரை பறக்கும், பரவாயில்லை. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவைப் புலிகள் கொன்றதை விடப் பெரிய மூலோபாய முட்டாள்தனம் தமிழர் அரசியலில் நடக்கவில்லை. வெளியேறிவிட்ட ஒரு வல்லரசை நிரந்தர எதிரியாக்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுத் தெருவில் இருந்த அனுதாபமும் அதோடு சுருங்கிப்போனது.

அப்புறம் மாவிலாறு. நீ வரைபடத்தில் பார்த்தால் மூதூருக்குத் தெற்கே இருக்கும். 2006 ஜூலையில் புலிகள் அந்த அணைக்கதவைப் பூட்டினார்கள். தங்கள் பக்கத்துச் சனத்துக்குக் குடிதண்ணீர்த் திட்டம் வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் மூவின விவசாயிகளின் வயலுக்கும் போகிற தண்ணீரை மறித்தால், சண்டைக்கு வழி தேடிக்கொண்டிருந்த ஒரு அரசுக்குக் காரணம் கிடைத்துவிடும் என்று ஒருவரும் யோசிக்கவில்லையா? சமாதானக் கண்காணிப்பாளர்கள் கதவைத் திறப்பிக்கப் பேசிக்கொண்டிருந்தபோதே அரசு குண்டு போட்டது. ஆகஸ்டில் மூதூருக்குள் சண்டை வந்தது. முஸ்லிம் சனம் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு ஓடியது. பிரான்ஸ் தொண்டு நிறுவனம் ஒன்றின் பதினேழு பணியாளர்கள் மூதூரில் வரிசையாகச் சுடப்பட்டுக் கிடந்தார்கள், இன்றுவரை ஒருவரும் அதற்குத் தண்டனை பெறவில்லை. செப்டெம்பரில் சம்பூர் அரச படையிடம் விழுந்தது. சம்பூர்ச் சனம் தங்கள் காணிக்குத் திரும்பத் தொடங்கியது 2015இல்தான். ஒரு அணைக்கதவிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை மூன்று வருடம்கூட ஆகவில்லை. அரசு அந்தச் சண்டையில் என்ன வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தது என்று சிலர் பாராட்டுகிறார்கள். சனத்தை எப்படிக் கொன்று வென்றது என்பதை அந்தப் பாராட்டில் சேர்ப்பதில்லை. வென்ற பிறகு என்ன செய்வது என்பதற்கும் அதனிடம் பதில் இருக்கவில்லை.

நீ கேட்ட சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் பல இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எரிந்ததன் உருக்குலைந்த இரும்பையும் போய்ப் பார்க்கலாம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 87 ஒப்பந்தத்தோடு சேர்த்து ராஜீவும் ஜே.ஆரும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள் அல்லவா? இந்தியாவுக்குக் கேடாகத் திருகோணமலைத் துறைமுகத்தை வேறு நாட்டு இராணுவப் பாவனைக்கு விடுவதில்லை, குதங்களை இரண்டு நாடும் சேர்ந்து புதுப்பிக்கும் என்று அதில் இருந்தது. 2022 ஜனவரியில் 99 குதங்களைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியக் கம்பனிக்கு 14, இலங்கைக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்து நடத்த 61. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து இன்னொரு உடன்படிக்கை. மேசையில் இருந்து பேசி முடித்தார்கள், ஒரு சிப்பாயும் வர வேண்டியிருக்கவில்லை. அந்தத் திருநெல்வேலிக்காரர் உயிரோடு இருந்தால் இதைப் படித்து என்ன சொல்வாரோ.

வீட்டில் எல்லோரும் சுகம். மருமகளுக்கு நிலாவெளிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. எனக்கு வலது முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் சண்டை பிடிக்கிறது. வருகிற ஆடியில் வருவதாக எழுதியிருக்கிறாய், மகனையும் கட்டாயம் கூட்டி வா. கடல் அமைதியாக இருக்கும், மூதூருக்கும் சம்பூருக்கும் ஒருநாள் போய்வரலாம். மாவிலாறு அணைக்கதவையும் காட்டுகிறேன், பக்கத்து வயல்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். வரும்போது முழங்காலுக்குப் பூசுகிற அந்தக் களிம்பில் இரண்டு ட்யூப் கொண்டுவா. இங்கே அதே பெயரில் விற்கிறதைப் பூசினால் மணம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

அன்புடன்,
உன் மச்சான்.