நோன்பு திறப்பதற்கு ரீடேக் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல சமயத்தவர் வீடுகளுக்கும் அன்னதானம் நடக்கும் இடங்களுக்கும் நேரில் போய்ப் பேட்டி எடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பாராட்டிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நானும் அவற்றை விரும்பிப் பார்க்கிறவள்தான். ஆனால் அந்த கேமரா ஒருமுறை எங்கள் வீட்டுக்கே வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ரமலான். சேனல் பெயர் வேண்டாம். மாலை நான்கு மணிக்கு வந்தார்கள். பேட்டி எடுத்த பெண் நல்ல பிள்ளை. என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். அப்புறம் அடுப்படிக்கு வந்து, "பிரியாணி எப்போ ஆன்ட்டி?" என்றாள். எங்கள் வீட்டில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், தண்ணீர், பள்ளிவாசலில் தூக்குச்சட்டியில் வாங்கிவந்த கஞ்சி, நாலு வடை. அவ்வளவுதான். டிவியில் எடுபடாது என்று ஓட்டலிலிருந்து பிரியாணி வரவழைத்து, எங்கள் பாத்திரத்தில் மாற்றி வைத்தார்கள். சரி, வீடு தேடி வந்தவர்கள் என்று விட்டுவிட்டோம்.

பள்ளிவாசலில் தொழுகை அழைப்பான பாங்கு சொன்னதும் மாமியார் துஆ (பிரார்த்தனை) ஓதிப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். "லைட் சரியில்லை, இன்னொரு தடவை செய்யச் சொல்லுங்க" என்றார் கேமராக்காரர். மாமியாருக்கு 78 வயது. விடிவதற்கு முன்பு குடித்த தண்ணீர்தான். அந்த ஒரு நொடிக்காகத்தான் பகல் முழுக்கக் காத்திருக்கிறோம். அவர் இன்னொரு பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். முடியாது என்று நான்தான் சொன்னேன். ஒளிபரப்பில் வந்தது பிரியாணி மட்டும்தான்.

என்ன எடுப்பது என்று முடிவு செய்துகொண்டே வந்திருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். "பக்கத்து வீட்டு இந்துக்களோடு எப்படிப் பழகுறீங்க?" என்று நான்கு முறை கேட்டார்கள். தயிருக்கு உறைமோர் தீர்ந்தால் அடுத்த வீட்டு மாமியிடம் வாங்குகிறவள் நான். இதற்கு என்ன பதில் சொல்வது?

எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் வாலாஜா பள்ளிவாசல் இருக்கிறது. 1795-இல் ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் கட்டியது; எங்களுக்குப் பெரிய பள்ளிவாசல். ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கும் சூஃபிதார் கோயிலில் சமைத்து, பல பத்தாண்டுகளாக ரமலான்தோறும் இந்தப் பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்க உணவு கொண்டுவருகிறார்கள். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து இங்கே வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிவைத்தது. தொண்டர்கள் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாகப் பரிமாறுவார்கள். என் வீட்டுக்காரர் பல நாள் கடையிலிருந்து நேராக அங்கேதான் போவார். வருடா வருடம் இதுவும் டிவியில் வருகிறது, 'மத நல்லிணக்கம்' என்ற தலைப்பில் இரண்டு நிமிடம். நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காய் நறுக்க எத்தனை மணிக்கு உட்காருகிறார்கள், மழை பெய்தால் என்ன செய்கிறார்கள், புதிதாக வருகிற பையனுக்கு முதலில் என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரமும் உட்கார்ந்து பார்ப்பேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே நியூயார்க்கின் புரூக்ளினில் ஹசீதியர் எனப்படும், மரபை இறுகப் பற்றிய யூதர்களின் வீட்டுக்குப் போய் எடுத்து 2012-இல் ஒளிபரப்பான பேட்டியை என் மகள் போட்டுக் காட்டினாள். தொலைக்காட்சியே இல்லாத குடும்பம். மிக்கி மவுஸ் தெரியுமா என்று குழந்தைகளிடம் கேட்கிறார், தெரியவில்லை. உலகமே அறிந்த டிவிக்காரர், டிவி இல்லாத வீட்டில் உட்கார்ந்து, அப்படியானால் நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறார். அவரையும் குறை சொல்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு அந்தக் கேட்கிற ஆசை பிடித்திருந்தது.

அடுத்த ரமலானுக்கு யாராவது வருவதானால் எங்கள் கதவு திறந்தேதான் இருக்கும். மாலை நான்கு மணிக்கு வேண்டாம், விடிவதற்கு முன்பு சாப்பிடும் ஸஹர் நேரத்துக்கே வரட்டும். மாமியார் எழுந்து எல்லோரையும் எழுப்புவதிலிருந்து எடுக்கட்டும். பாங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேமராவைக் கீழே வைத்துவிட்டு, எங்களோடு பாயில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
திருவல்லிக்கேணி, சென்னை