பெரியப்பா பணம் வேண்டாம்மா

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஸ்தோத்திரம். நீ பேனால எழுதி தம்பி போட்டோ புடிச்சு அனுப்புன லெட்டர் வந்துச்சும்மா. மூணாவது பக்கம் பாதி வெளிச்சம் பட்டு தெரியல, ஆனா விஷயம் புரிஞ்சுது. போன்ல பேசுனா பெரியம்மா பக்கத்துல நிக்கிறாங்க, எதையும் உடைச்சுப் பேச முடியல, அதான் நானும் எழுதியே அனுப்புறேன். பிரின்ட் எடுத்து அப்பாவுக்கு நீயே வாசிச்சுக் காட்டு.

குளிரப் பத்தி கேட்டிருந்த. இங்க பனியெல்லாம் கொட்டாது, வெளிய நடந்தா நல்லாத்தான் இருக்கும், வீட்டுக்குள்ளதான் குளிரு. பழைய கட்டடம், ஹீட்டிங் கிடையாது, மழைக்காலத்துல சுவரு ஈரம் குடிச்சு மூலையெல்லாம் கறுப்பா பூசணம் புடிக்குது. சின்னதா ஒரு ஹீட்டர் வச்சிருக்கேன், ஆனா அந்தக் காத்து எனக்கு ஒத்துக்கல, கம்பளிய சுத்திக்கிட்டே வேலை பாத்துருவேன், பழகிருச்சு. லிஸ்பன்ல இருந்து ஆத்தத் தாண்டி அல்மாடாவுக்கு வீடு மாத்திட்டேன், ரூம் கொஞ்சம் சின்னது, ஆனா போட்டுல ஏறுனா பத்து நிமிஷத்துல அக்கரை, தண்ணி வாடை நம்ம பழைய துறைமுகம் பக்கம் அடிக்கிற மாதிரியே அடிக்கும். அதுக்காகத்தான் வந்தேன்.

கீழ்வீட்டுப் பாட்டி ஒருத்தங்க இருக்காங்க. தபால் பெட்டியில என் பேருக்குப் பின்னால ஃபெர்னாண்டோன்னு பாத்ததுல இருந்து என்னைய சொந்தக்காரியாவே முடிவு பண்ணிட்டாங்க. காலையில கதவத் தட்டி ஜன்னலத் தொற, பூசணம் புடிக்கும்னு சத்தம் போடுவாங்க, சாயங்காலம் கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பு ஒரு கிண்ணம் வந்துரும். ஜூன் 13 அந்தோணியார் திருநாளுக்கு தெருவுல அடுப்பு வச்சு சாளை சுட்டாங்க. அந்தோணியார் லிஸ்பன்ல பொறந்தவராம், பதுவையில போயி செத்தாருங்கிறதுக்காக அந்த ஊருக்காரங்க சொந்தம் கொண்டாடுறாங்கன்னு இவங்களுக்கு வருத்தம். சாளைக்கு வெறும் கல்லுப்புதான், மசாலா ஒன்னும் கெடையாது. நல்லாத்தான் இருந்துச்சு.

இனி தம்பி விசா விஷயம். இதக் கவனமா படி.

அவன் கேக்குறது டி8 விசா, வெளிநாட்டு கம்பெனிகளுக்கு இங்க இருந்தே ஆன்லைன்ல வேலை பாக்குறவங்களுக்கு போர்ச்சுகல் குடுக்குறது, நான் வந்த அதே விசா. இந்த ஊரு மினிமம் சம்பளத்தப் போல நாலு மடங்கு மாச வருமானம் காட்டணும், அதுவும் போர்ச்சுகலுக்கு வெளிய இருந்து வர்ற காசா இருக்கணும். 2025ல மினிமம் 870 யூரோ, அப்ப நாலு மடங்கு 3,480. வருஷா வருஷம் அது ஏறும், அவன் போடுற நேரத்துல என்ன கணக்குன்னு பாத்துக்கணும். அதுபோக சேவிங்ஸ் தனியா, ஒரு வருஷத்து மினிமம், 870 பன்னெண்டு தடவ, 10,440 யூரோ. நம்ம காசுக்கு பத்து லட்சத்துக்கு மேல போயிரும்.

அந்தப் பத்து லட்சத்ததான பெரியப்பா தம்பி அக்கவுன்ட்ல ஒரு வாரம் போட்டு வைக்கிறேங்கிறாங்க, ஸ்டேட்மென்ட் எடுத்ததும் திருப்பிக் குடுத்தா போதும்ங்கிறாங்க. வேண்டாம்மா. விசா ஆபீஸ்ல உக்காந்து பாக்குறவங்க கடைசி வரியில இருக்குற பேலன்ஸ மட்டும் பாக்குறதில்ல, மூணு மாசத்து வரவயும் பாக்குறாங்க. நாப்பதாயிரம் அறுபதாயிரம்னு வந்துக்கிட்டிருந்த கணக்குல திடீர்னு பத்து லட்சம் விழுந்தா எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க, பதில் சொல்ல பேப்பர் இருக்காது, விசாவும் போயி அடுத்த தடவைக்கும் அது ஒரு கரும்புள்ளி. பெரியப்பா நெசமாவே குடுக்குறதா இருந்தா கிஃப்ட் டீட் எழுதிக் குடுக்கட்டும், திருப்பிக் கேக்கக் கூடாது. அவரு எழுத மாட்டாரு, உனக்கே தெரியும்.

ஃப்ரீலான்ஸ்காரனுக்கு சேலரி ஸ்லிப் கிடையாது, அதனால ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பேப்பர் பேசணும். மொதல்ல கிளையன்ட்டோட அக்ரிமென்ட், அப்புறம் இன்வாய்ஸ், அந்த இன்வாய்ஸ் காசு வெளிநாட்டுல இருந்து வந்ததுக்கு பேங்க் குடுக்குற எஃப்ஐஆர்சிங்கிற சர்ட்டிபிகேட், ஸ்டேட்மென்ட்ல அதே தொகை. எனக்கு ஒரு கிளையன்ட் வேற கம்பெனி பேருல இருந்து பணம் அனுப்புவாங்க, ரெண்டும் ஒன்னுதான்னு அவங்க லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கி வச்சுதான் குடுத்தேன். ஆடிட்டர்கிட்ட யூடின் நம்பரோட, அதாவது சர்ட்டிபிகேட் நெசமான்னு ஆன்லைன்ல சரிபாக்குற நம்பரோட, வருமான சர்ட்டிபிகேட் வாங்கணும். இன்னொன்னு, வருமான வரியில 44ஏடிஏங்கிற பிரிவுல ரிட்டர்ன் போட்டா வரவுல பாதிதான் வருமானம்னு காட்டும், அதப் பாத்து இவ்வளவுதான் சம்பாதிக்கிறான்னு நெனச்சுருவாங்க, மொத்த வரவு எவ்வளவுன்னு ஆடிட்டர் சர்ட்டிபிகேட்ல தனியா எழுதச் சொல்லணும்.

கல்யாண வீடியோ வேலைக்கு தம்பி கையில வாங்குற காசு இதுல எதுக்கும் உதவாது. அந்த அமெரிக்கா சேனல்காரங்ககிட்ட மாசம் இவ்வளவுன்னு ஒரு வருஷத்துக்கு அக்ரிமென்ட் போடச் சொல்லு, இன்னும் ரெண்டு சேனல் புடிக்கட்டும். இப்ப வர்றது பாதிகூட இல்ல. அவனுக்குத் திறமை இருக்கு, ஒரு வருஷம் பொறுத்தா சொந்தக் காசுலயே காட்டிருவான்.

இங்க தங்குறதுக்கு குடுத்த என் கார்டு ரெண்டு வருஷத்துக்கு, இந்த வருஷம் ரினியூவல், நானும் வருமானத்த மறுபடி காட்டணும். மொத வருஷம் சோஷியல் செக்யூரிட்டி கட்ட வேண்டியதில்ல, இப்ப வருமானத்துல எழுபது சதவீதத்துக்கு 21.4 சதவீதம்னு கட்டுறேன், ஒரு கிளையன்ட் வேலையத் தள்ளி வச்சிருக்காங்க, அதான் அனுப்புறது கொறைஞ்சிருக்கு. வேற ஒன்னும் இல்ல, நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத.

மாதா கோயில் திருவிழாவுக்கு வருவியான்னு கேட்டிருந்த. அம்மா, ஜூலை 26 கொடியேத்தத்துக்கு நீ மொபைல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னியே, கூட்டத்துச் சத்தம்தான் கேட்டுச்சு, எதுவும் தெரியல, ஆனா கட் பண்ண மனசு வரல. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. இங்க பேச ஆளு இருக்கு, ஆனா சும்மா ஏட்டின்னு கூப்பிட ஒருத்தர் இல்ல. கார்டு கைக்கு வராம டிக்கெட் போட முடியாதும்மா. வந்ததும் வந்துருவேன்.

அக்கா பிரசவத்துக்கு என் பேருல இருக்குற எஃப்டிய உடைக்கவான்னு கேட்டிருக்க. உடைக்காத, அதத்தான் ரினியூவலுக்கு சேவிங்ஸா காட்டப் போறேன், அதுமேல லோனும் எடுக்காத. என் வளையல் ரெண்டையும் பேங்க்ல வச்சு நகைக் கடன் வாங்கிக்கோ, அடகுக் கடைக்குப் போகாத, வட்டி தாங்காது. அக்காவுக்கு தெரிய வேண்டாம், அவ வாங்க மாட்டா.

பெரியப்பாகிட்ட நான் வேண்டாம்னு சொன்னதா சொல்லாத, ஆடிட்டர் ஒத்துக்கலன்னு அப்பாவ விட்டு சொல்லச் சொல்லு. அவரு கெட்டவரில்ல. ஆனா பின்வாசல் எடத்தப் பிரிக்கிற பேச்சு வர்றப்ப இந்தப் பத்து லட்சம் நடுவுல வந்து நிக்கும், அப்பாவால வாயத் தொறக்க முடியாது. அந்தப் பத்திரத்தோட காப்பி நம்மகிட்ட இருக்கான்னு பீரோல பாத்து தம்பிய ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லு.

அப்பா பிரஷர் மாத்திரைய நிறுத்த வேண்டாம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நீங்க வீட்டுக்கு வந்ததும் போன் போடுறேன், அக்காவ பக்கத்துல உக்காரச் சொல்லு, டாக்டர் என்ன தேதி குடுத்தாங்கன்னு அவ வாயால கேக்கணும்.

அன்பு மகள்