சேர்க்கைக் கணக்கோடு நின்றுவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய இளையோரை மீண்டும் படிக்க வைக்கும் முயற்சிகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள், இத்தனை பேர் கண்டறியப்பட்டனர், இத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அப்படிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மறு ஆண்டும் வகுப்பில் இருந்தார்கள், எத்தனை பேர் தேர்வெழுதினார்கள் என்ற விவரம் அரிதாகவே வெளிவருகிறது. இடைநின்ற இளையோருக்கான மாலை வகுப்பில் பாடம் நடத்தி வருபவன் என்ற முறையில் இது குறித்துச் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

உலகெங்கும் பள்ளிக்கு வெளியே இருக்கும் சிறார் மற்றும் இளையோர் சுமார் 25 கோடி பேர் என்று யுனெஸ்கோ 2024-இல் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மேல்நிலைப் பள்ளி வயதினர். கட்டாயக் கல்விச் சட்டங்கள் பல நாடுகளில் இந்த வயதை எட்டுவதற்குள் நின்றுவிடுகின்றன. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. இடையில் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அது சொல்வது தொடக்கக் கல்வியை முடிக்கும் வரைதான். ஒன்பதாம் வகுப்பில் நின்று, மூன்றாண்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்ப நினைப்பவரைத் தேடிப் போகும் கடமை அந்தச் சட்டப்படி யாருக்கும் இல்லை.

அப்படித் திரும்பி வருபவர், நாம் நினைப்பதுபோல், எல்லாவற்றையும் மறந்துவிட்டு வருவதில்லை. கட்டட வேலைக்குப் போய்வந்த ஒரு மாணவர், சுவரின் நீளத்தையும் உயரத்தையும் சொன்னால் எத்தனை கல் வேண்டும் என்பதை வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். அதே கணக்கைப் பின்னமாகக் கரும்பலகையில் எழுதினால் தலையைக் குனிந்துகொள்வார். இத்தகையவரைத் தன்னைவிட மூன்று நான்கு வயது இளைய பிள்ளைகளோடு அமர்த்தி, முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னால் எத்தனை நாள் இருப்பார்? இவர்கள் படிப்பை விடுவதாக ஒருபோதும் அறிவிப்பதில்லை. வேலை நேரம் மாறியதால் ஒருநாள் வர முடியாமல் போகும். மறுநாள் வந்தால், விட்டுப்போன பாடம் புரியாது. அப்போது ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் 'நேற்று ஏன் வரவில்லை' என்று கேட்டுவிட்டால், அதற்கடுத்த நாள் அந்த இருக்கை காலியாகத்தான் இருக்கும். வராதவருக்கு அன்றைய பாடக் குறிப்பை அவர் நண்பர் வழியாகக் கொடுத்தனுப்புவதும், காரணத்தைத் தனியே விசாரிப்பதும் செலவில்லாத காரியங்கள். ஆனால் அதற்கென்று ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். திட்டங்களில் சேர்க்கைக்கு அலுவலர் இருக்கிறார். இதற்குத்தான் ஆள் இல்லை.

படித்ததை வீணாக்காமல் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் புதியவை அல்ல. போருக்குப் போனதால் பள்ளியை முடிக்காத படைவீரர்களுக்காக அமெரிக்காவில் 1942-இல் உருவாக்கப்பட்ட, பள்ளி இறுதிப் படிப்புக்கு இணையான ஜி.இ.டி. தேர்வு, எங்கே கற்றாய் என்று கேட்காமல் என்ன தெரியும் என்று மட்டுமே பார்த்தது. இந்தியாவில் 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுக்குள் ஒவ்வொரு பாடமாக எழுதி முடிக்கலாம். தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அமைவது கடினம். ஆயினும் திறந்தநிலைக் கல்வி தரும் இந்தச் சுதந்திரமே சிலரைக் கைவிட்டுவிடுவதையும் சொல்லியாக வேண்டும். புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்து சேரும்; பிரித்துப் படிக்கத் தொடங்குவதற்கு ஒரு துணை இராது. படிப்பே பிடிக்காமல் பள்ளியை விட்ட ஒருவரைத் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள் என்று சொல்வது, என் பார்வையில், பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான்.

கட்டணமில்லை என்ற அறிவிப்பும் முழு உதவியாகிவிடாது. இவ்வயதினர் படிக்க வந்தால் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கூலி நின்றுபோகும் அல்லது குறையும். மெக்சிகோ 1997-இல் தொடங்கிய புரோகிரேசா திட்டம் இதை உணர்ந்து, வருகைப் பதிவை நிபந்தனையாக வைத்து உதவித்தொகை வழங்கியது. வகுப்பு உயர உயரத் தொகையையும் உயர்த்தி, மேல்வகுப்புகளில் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும் கொடுத்தது. பிள்ளை வளர வளர அவர் கொண்டுவரக்கூடிய கூலியும் வளரும் என்ற எளிய கணக்கு அதில் இருந்தது. சேரும் நாளில் ஒரு பையும் சீருடையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, மாதாமாதம் வருகைக்கேற்பச் சிறு தொகை தருவது அதிகம் பயன்தரும் என்றே நான் கருதுகிறேன்.

இளம் வயதில் தாயான பெண்களின் நிலை இன்னும் கடினமானது. ஜமைக்காவில் அவர்களுக்கென்றே 1978-இல் மகளிர் மையம் ஒன்று தொடங்கப்பட்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் பள்ளிக்குத் திரும்ப வழி செய்யப்பட்டது. மாறாக, சியரா லியோனில் கருவுற்ற மாணவியர் பள்ளிக்கு வருவதற்கு இருந்த தடை 2020-இல்தான் நீங்கியது. தடை இல்லாத இடங்களிலும், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு வருவது என்ற கேள்விக்கு விடை இல்லையேல் சேர்க்கைப் படிவத்தால் பயனில்லை.

எனவே, தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய சேர்க்கைச் செய்தி வெளியாகும்போது அந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்திருந்து, ஓராண்டு கழித்துத் தங்கள் செய்தியாளர் அதே அலுவலகத்திடம் எத்தனை பேர் இன்னும் வகுப்பில் இருக்கிறார்கள், விலகியவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டு, கிடைக்கும் பதிலையும், பதில் கிடைக்காவிட்டால் அதையும், முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியர் ஒருவர்