எத்தனை பேர் வந்தார்கள் என்பது மதிப்பீடு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆராய்ச்சித் துறையில் பெண்களை முன்னேற்றும் திட்டங்கள் பற்றிச் செய்தி வந்தாலே ஒரே மாதிரிக் கணக்குதான் வருகிறது. இத்தனை பயிலரங்கு நடந்தது, இத்தனை பேர் கலந்துகொண்டார்கள், இவ்வளவு பணம் ஒதுக்கினோம். சரி, அதனால் என்ன மாறியது? அதை யாரும் கேட்பதும் இல்லை, நடத்தியவர்கள் சொல்வதும் இல்லை. உலக அளவில் ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று யுனெஸ்கோ பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. இத்தனை திட்டங்களுக்குப் பிறகும் அந்த எண் இவ்வளவு மெதுவாக நகர்ந்தால், எந்தத் திட்டம் பலன் தந்தது, எது வெறும் பெயருக்கு நடந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

நல்ல எண்ணத்தோடு செய்வதெல்லாம் நல்லதாகவே முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளம் பேராசிரியர்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் தங்களை நிரூபித்தால்தான் நிரந்தரப் பணி. குழந்தை பெறும் பெண்களுக்கு இந்தக் கெடு பெரிய இடி என்பதால் ஓராண்டு கூடுதலாகக் கொடுத்தார்கள். அப்புறம் பாகுபாடு வேண்டாம் என்று பல இடங்களில் அப்பாக்களுக்கும் அதையே கொடுத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னணியில் இருக்கும் 50 பொருளாதாரத் துறைகளின் தரவை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், இந்த விதி வந்த பிறகு, முதலில் சேர்ந்த பல்கலைக்கழகத்திலேயே நிரந்தரப் பணி பெற்ற ஆண்களின் விகிதம் கூடியது, பெண்களின் விகிதம் குறைந்தது. கிடைத்த கூடுதல் காலத்தில் ஆண்கள் முன்னணி இதழ்களில் அதிகக் கட்டுரைகளை வெளியிட்டார்கள், பெண்களுக்கு அப்படி நடக்கவில்லை. எத்தனை பேர் இந்தச் சலுகையைப் பயன்படுத்தினார்கள் என்று மட்டும் எண்ணியிருந்தால் இது வெற்றித் திட்டமாகவே அறிக்கையில் போயிருக்கும். பத்து வருடம் கழித்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் தன் பெரிய ஆராய்ச்சி நிதியான ஹொரைசன் யூரோப்பில் ஒரு நிபந்தனை வைத்தது. நிதி கேட்கும் பல்கலைக்கழகமோ அரசு நிறுவனமோ பாலின சமத்துவத் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும்: தலைமை கையெழுத்திட்டு வெளியிட்ட ஆவணம், அதற்கென ஆளும் பணமும், ஆண்–பெண் தரவு, பயிற்சி. நல்ல தொடக்கம் என்று மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, தேர்வுக் குழுவில் ஒன்றையுமே மாற்றாமல் ஒரு நிறுவனம் காலத்தை ஓட்டிவிட முடியும். பாலின சமத்துவத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கும் துறைகளுக்கும் கொடுப்பதாக பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய அதீனா ஸ்வான் விருதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2011-இல் பெரிய மருத்துவ ஆராய்ச்சி நிதி ஒன்றை இந்த விருதோடு இணைத்ததும் துறைகள் முண்டியடித்து விண்ணப்பித்தன. ஆனால் விண்ணப்பம் தயாரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. பெண்களின் ஆராய்ச்சி நேரத்தைத் தின்று பெண்களுக்கான விருது வாங்குவதா? ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது அதற்காக உழைத்தது யார், அந்த உழைப்பு பதவி உயர்வில் கணக்கில் வந்ததா என்பதும் கேள்வியாக இருக்க வேண்டும்.

எதை அளப்பது என்று கேட்டால், முடிவு எடுக்கும் இடத்தை அளக்க வேண்டும் என்பேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிரியலாளர் 1990-களில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வகங்களையே அளந்தார். பெண் பேராசிரியர்களுக்கு எவ்வளவு இடம், ஆண்களுக்கு எவ்வளவு என்று எண்ணாகக் காட்டிய பிறகு மறுக்க முடியவில்லை. நிறுவனமே ஆராய்ந்து 1999-இல் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. ஸ்வீடனில் இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ச்சி உதவி கேட்ட விண்ணப்பங்களுக்கு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் போட்ட மதிப்பெண் தாள்களைச் சட்டப் போராட்டம் நடத்தி வாங்கினார்கள். ஆண் விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் அதே மதிப்பெண் கிடைக்க ஒரு பெண் சுமார் 2.5 மடங்கு அதிகம் சாதித்திருக்க வேண்டியிருந்தது என்று 1997-இல் வெளியிட்டார்கள். அந்தத் தாள்கள் பூட்டியே இருந்திருந்தால் எந்த மதிப்பீட்டுக் குழு வந்தும் பயனில்லை.

ஹப்பிள் தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பங்களிலிருந்து 2018-இல் பெயர்களை நீக்கினார்கள். அதுவரை ஆண்கள் தலைமையிலான விண்ணப்பங்களின் வெற்றி விகிதமே தொடர்ந்து மேலே இருந்தது, அந்தச் சுற்றில் பெண்களுடையது சற்றே முந்தியது. வித்தியாசம் சிறியதுதான், ஒரு சுற்றை வைத்துத் தீர்ப்பு சொல்லவும் கூடாது. ஆனால் முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்ததால்தான் ஒப்பிடவாவது முடிந்தது. பெரும்பாலான திட்டங்கள் தொடங்கும் நாளில் நிலைமை என்ன என்பதையே பதிவு செய்வதில்லை. அப்புறம் முன்னேற்றம் என்று எதைக் காட்டுவது?

இன்னொன்று, ஆட்களின் எண்ணிக்கையோடு ஆராய்ச்சியின் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992-இல் அனுமதி கிடைத்தது. பெண்கள் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, மறுநாள் காலையிலும் மருந்து ரத்தத்தில் இருக்கிறது என்பதால் அவர்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்க அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013-இல்தான். இருபது ஆண்டுகள்! குழுவில் பெண்கள் இருந்தால் மட்டும் போதாது, ஆய்வுத் தரவை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார்களா என்பதையும் நிதி கொடுப்பவர்கள் கேட்க வேண்டும்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு திட்டத்தின் தொடக்க விழாவுக்குப் போனால், மேடையில் இருப்பவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இப்போதைய நிலைமையைப் பதிவு செய்திருக்கிறீர்களா, திட்டத்தை நடத்தாத வெளியாட்கள் எப்போது மதிப்பிடுவார்கள், பலன் இல்லை என்று வந்தாலும் அறிக்கையை வெளியிடுவீர்களா. அந்தப் பதிலையும் விழாப் படத்துக்குக் கீழே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்